எலெக்ட்ரிக் காரா, பெட்ரோல் காரா? நெல்லைச் சீமையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் இரண்டு கார் வைத்து வாடகைக்கு ஓட்டுகிறேன். ஒன்று பெட்ரோல், வாங்கி ஒன்பது வருடம் ஆகிறது. இன்னொன்று எலெக்ட்ரிக், 30 யூனிட் பேட்டரி, மூன்று வருடமாக ஓடுகிறது. பச்சை நம்பர் போர்டைப் பார்த்ததும் டீக்கடையிலும் கல்யாண மண்டப வாசலிலும் கேள்வி ஆரம்பித்துவிடும். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதிவைக்கிறேன். இரண்டு வண்டிக்கும் தனித்தனி நோட்டு உண்டு. மைலேஜ் கணக்கெல்லாம் அதிலிருந்து எடுத்தது.

சுருக்கமாச் சொல்லுங்க அண்ணாச்சி, எதை வாங்கலாம்?

நான் இரண்டு கேள்வி திருப்பிக் கேட்பேன். ராத்திரி வண்டி எங்கே நிற்கும்? மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓடும்?

சொந்த வீடு, காம்பவுண்டுக்குள் வண்டி நிற்கும், மாதம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டம் என்றால் எலெக்ட்ரிக் வாங்குங்கள், யோசிக்கவே வேண்டாம். டவுனில் ரத வீதியை ஒட்டிய சந்தில் வாடகை வீடு, வண்டி தெருவில்தான் நிற்கும், மாதத்தில் இரண்டு தடவை குலதெய்வக் கோயிலுக்கும் ஒரு தடவை மதுரைக்கும் போவோம் என்றால் பெட்ரோலோடு இருங்கள். இடையில் இருப்பவர்களுக்காகத்தான் மீதிப் பதில்கள்.

மைலேஜை எப்படி ஒப்பிடுவது? ஒன்று லிட்டர், ஒன்று யூனிட்.

ஈ.பி. மீட்டரில் ஓடுகிற அதே யூனிட்தான் காரின் பேட்டரியிலும். பெட்ரோலையும் யூனிட்டாக மாற்றிவிட்டால் ஒப்பிடுவது சுலபம். ஒரு லிட்டர் பெட்ரோலை எரித்தால் வருகிற வெப்பம் சுமார் 9 யூனிட். என் பெட்ரோல் வண்டி ஊரும் ஹைவேயும் கலந்து லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடுகிறது. அதாவது ஒரு யூனிட்டுக்கு 1.7 கிலோமீட்டர்கூட இல்லை. எலெக்ட்ரிக் வண்டி பேட்டரியிலிருந்து எடுக்கிற ஒரு யூனிட்டுக்கு ஆறரை முதல் ஏழு கிலோமீட்டர் ஓடுகிறது. ஏறக்குறைய நாலு மடங்கு.

மீதி எங்கே போகிறது? ஓடி வந்த பெட்ரோல் வண்டியின் போனட்டைத் தொட்டுப் பாருங்கள், சைலன்ஸரிடம் கை கொண்டுபோய்ப் பாருங்கள். பங்க்கில் நூறு ரூபாய்க்குப் போட்ட பெட்ரோலில் சக்கரத்தைச் சுற்றுவது இருபது, இருபத்தைந்து ரூபாய்தான். மீதி ரேடியேட்டர் வழியாகவும் புகையாகவும் போகிறது. இது எந்த கம்பெனியின் குறையும் கிடையாது. வெப்பத்தை அசைவாக மாற்றுகிற எந்த இயந்திரத்துக்கும் இப்படி ஒரு எல்லை உண்டு. மோட்டார் வெப்பத்தை நம்பி ஓடவில்லை, அதனால் அதற்கு அந்தச் சிக்கல் இல்லை.

இன்னொரு வித்தியாசம் எனக்கு நோட்டைப் புரட்டிப் பார்த்தபோதுதான் உறைத்தது. பெட்ரோல் வண்டி ஊருக்குள் லிட்டருக்கு 11, நாலு வழிச் சாலையில் 18. எலெக்ட்ரிக் நேர் மாறு. ஊருக்குள் யூனிட்டுக்கு ஏழரை, நாலு வழிச் சாலையில் நூறு வேகத்தில் போனால் ஐந்தரை. வண்ணாரப்பேட்டை ரவுண்டானாவில் நிற்கும்போது பெட்ரோல் எஞ்சின் சும்மா எரிந்துகொண்டிருக்கும், மோட்டார் அப்போது எதையும் குடிக்காது. பிரேக் பிடித்தால் மோட்டாரே டைனமோவாகி, ஓட்டத்தில் இருந்த சக்தியில் ஒரு பெரும் பங்கைப் பேட்டரிக்குத் திருப்பிக் கொடுக்கும். வேகமாகப் போகும்போது காற்றை எதிர்த்துத் தள்ளுகிற செலவு இருவருக்கும் ஒன்றுதான், அங்கே எலெக்ட்ரிக்கின் அனுகூலம் சுருங்குகிறது. ஆகவே ஜங்ஷனுக்கும் பாளைக்கும் பெருமாள்புரத்துக்குமாக அலைகிறவருக்குத்தான் லாபம் அதிகம்.

பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள். அளவுக்கு அளவு பார்த்தால் பெட்ரோலைவிட எத்தனாலில் மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. மைலேஜ் கொஞ்சம் இறங்கியதாகத் தோன்றினால் அது பிரமை இல்லை.

கரண்டும் நிலக்கரியில்தானே வருது? அப்புறம் என்ன மிச்சம்?

நியாயமான கேள்வி. முழுக் கரண்டும் தூத்துக்குடி அனல்மின் நிலையத்திலிருந்தே வருவதாக வைத்துக்கொள்வோம். அங்கே 210 மெகாவாட் வீதம் ஐந்து மின் உற்பத்தி இயந்திரங்கள் இருக்கின்றன. நிலக்கரியின் வெப்பம் நூறு என்றால் கரண்டாக மாறுவது சுமார் 35. கம்பியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கழியும். சார்ஜரிலும் மோட்டாரிலும் இன்னும் கொஞ்சம். சக்கரத்துக்கு வருவது 25 அளவில். பெட்ரோல் காரும் 20, 25 என்றுதான் பார்த்தோம். அதிலும் கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து, டேங்கரில் ஏற்றிக் கொண்டுவருகிற செலவை நான் கழிக்கவில்லை. ஆக, நிலக்கரி மட்டும் என்றால் இரண்டும் கிட்டத்தட்ட சமம், எலெக்ட்ரிக் ஒரு முழம் முன்னால் நிற்கும்.

ஆனால் நிலக்கரி மட்டும் இல்லையே. பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கம் போனவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாயில் நுழைகிற தென்மேற்குக் காற்று வைகாசியிலிருந்து புரட்டாசி வரை அந்தக் காற்றாலைகளைச் சுற்றுகிறது. கயத்தாற்றுப் பக்கமும் அப்படியே. கூடங்குளத்தில் ஆயிரம் மெகாவாட் வீதம் இரண்டு உலைகள், முதலாவது 2014 கடைசியிலும் அடுத்தது 2017-லும் வணிக உற்பத்திக்கு வந்தன. பாபநாசத்தில் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே நீர்மின்சாரம். என் வீட்டு ப்ளக்கில் வருகிற கரண்ட் எங்கே பிறந்தது என்று பிரிக்க முடியாது, எல்லாம் ஒரே கம்பியில் கலக்கிறது. காற்றாலை கூடக் கூட, வாங்கிய காரே வருடா வருடம் சுத்தமாகிக்கொண்டு போகும். பெட்ரோல் கார் வாங்கிய நாளில் விட்ட புகையைக் கடைசி வரை விடும், வயதாக ஆகக் கூடவும் செய்யும்.

புகை எங்கே வருகிறது என்பதும் எனக்கு முக்கியம். பள்ளிக்கூடம் விடுகிற நேரம் பாளை மார்க்கெட் பக்கம் நடந்து பார்த்தவர்களுக்கு அது புரியும்.

கிலோமீட்டருக்கு உண்மையிலேயே ஒரு ரூபாய்தானா?

விளம்பரத்தில் அப்படித்தான். வீட்டில் அப்படி விழாது. காரணம் ஈ.பி.யின் படிக்கணக்கு.

உங்கள் வீடு இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் எரிக்கிறது என்று வைப்போம். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடினால், சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து, இரண்டு மாதத்துக்கு இன்னொரு 330 யூனிட். இந்த 330 ஒன்றும் முதல் நூறு இலவசத்தில் உட்காராது. ஏற்கெனவே இருக்கிற 400-க்கு மேலே போய் உட்காரும், அதாவது விலை கூடிய படிகளில். போதாததற்கு 500-ஐத் தாண்டியதும் கணக்கு வேறு அட்டவணைக்குப் போய்விடுகிறது, கீழ்ப்படியில் கிடைத்த சலுகையிலும் ஒரு பகுதி போய்விடும். நான் உட்கார்ந்து கணக்குப் போட்டதில், காருக்காகக் கூடுகிற ஒவ்வொரு யூனிட்டும் 9 ரூபாய் சுற்றி விழுகிறது. மீட்டரிலிருந்து எடுக்கிற ஒரு யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் என்றால் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய்.

பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய், 15 கிலோமீட்டர் என்றால் கிலோமீட்டருக்கு ஆறே முக்கால். ஒன்றரை ரூபாயோடு ஒப்பிட்டால் மாதம் ஆயிரம் கிலோமீட்டருக்கு ஐந்தாயிரம் மிச்சம். ஹைவே சார்ஜரில் யூனிட் இருபது ரூபாய் சுற்றிக் கொடுத்தால் கிலோமீட்டருக்கு மூணரை ரூபாய் ஆகிவிடும், அப்போது மிச்சம் பாதிக்குப் பாதி.

மொட்டை மாடியில் சோலார் போட்டிருப்பவர்கள் இந்தத் தொல்லையிலிருந்து தப்பித்தார்கள். 3 கிலோவாட் பலகை நம் வெயிலுக்கு நாள் சராசரியாகப் பன்னிரண்டு யூனிட் அளவில் தரும். அது எழுபது கிலோமீட்டர் ஓட்டம். 2024-ல் வந்த பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். காரையும் சோலாரையும் சேர்த்து யோசிப்பதுதான் நம் ஊருக்குப் பொருத்தம் என்பது என் எண்ணம்.

கூடுதலாகக் கொடுத்த விலை எப்போது திரும்பும்?

விலை வித்தியாசம் மூன்று லட்சம் என்றால், மேலே சொன்ன ஐந்தாயிரம் வீதம் அறுபது மாதம். மாதம் ஐந்நூறு கிலோமீட்டர்தான் என்றால் பத்து வருடம், அதற்குள் நீங்களே வண்டியை மாற்றிவிடுவீர்கள். என்னைப் போல மாதம் மூவாயிரம் ஓட்டுகிறவனுக்கு இரண்டு வருடத்துக்குள் திரும்பிவிட்டது.

பழைய கணக்கை இப்போது அப்படியே நம்பவும் வேண்டாம். எலெக்ட்ரிக் காருக்கு 2019 ஆகஸ்டிலிருந்து ஜி.எஸ்.டி. 5 சதவீதம். சின்ன பெட்ரோல் காருக்கு 28-ம் அதற்கு மேல் செஸ்ஸும் இருந்ததை 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆக்கிவிட்டார்கள். பெட்ரோல் காரின் விலை அந்த அளவுக்கு இறங்கியிருக்கிறது. இரண்டு ஷோரூமிலும் ஆன்-ரோடு விலையை எழுதி வாங்கி, சாலை வரிச் சலுகை இன்றைக்கு எந்த நிலையில் இருக்கிறது என்றும் கேட்டுக்கொண்டு, அப்புறம் வகுத்துப் பாருங்கள்.

ஒரு சார்ஜில் எவ்வளவு தூரம் போகும்?

கம்பெனி சொல்கிறதில் மூன்றில் இரண்டு பங்கு என்று எடுத்துக்கொண்டால் ஏமாற மாட்டீர்கள். 2020 ஜனவரியில் வந்த டாடாவின் முதல் நெக்ஸான் எலெக்ட்ரிக் காருக்கு 30.2 யூனிட் பேட்டரி, சான்றிதழ் ரேஞ்ச் 312 கிலோமீட்டர். சோதனைக் கூடத்தில் நிதானமான வேகத்தில், ஏ.சி. இல்லாமல் எடுக்கிற கணக்கு அது. முப்பது யூனிட் பேட்டரிக்கு நம் சாலையில் 200 என்று வையுங்கள்.

இருநூறு போதுமா என்றால், திருநெல்வேலி இருக்கிற இடத்தைப் பாருங்கள். சக்கரத்தின் குடம் மாதிரி நடுவில் இருக்கிறது. தூத்துக்குடி 50, தென்காசி 55, திருச்செந்தூர், கோவில்பட்டி இரண்டும் அறுபதுக்குள், நாகர்கோவில் 80. எல்லாமே போய்த் திரும்பி வீட்டில் ப்ளக் போட்டுவிடலாம். மதுரை மட்டும் 160, அங்கே போனால் வழியிலோ போன இடத்திலோ சார்ஜ் போட்டே ஆகவேண்டும்.

நாகர்கோவிலுக்குப் போகும்போது சார்ஜ் அதிகமா இறங்குது, வரும்போது இறங்கல. வண்டியில கோளாறா?

கோளாறு இல்லை, காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது இந்தப் பக்கத்துக்காரர்களுக்குப் பழமொழி மட்டும் இல்லை. வள்ளியூர் தாண்டியதும் எதிர்காற்று முகத்தில் அறையும். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் கூடும். நீங்கள் எண்பதில் போகிறீர்கள், எதிரே முப்பதில் காற்று வருகிறது என்றால் வண்டிக்கு அது 110 வேகம். காற்றுத் தடை கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிடும். திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் தள்ளும். ஆனி, ஆடியில் என் நோட்டில் போகும்போது யூனிட்டுக்கு 5, வரும்போது 7 என்று இருக்கிறது.

பெட்ரோல் வண்டிக்கும் இதே காற்றுதான். ஆனால் அது எப்படியும் முக்கால் பங்கை வெப்பமாக விரயம் செய்துகொண்டே ஓடுவதால் இந்த வித்தியாசம் கண்ணில் படாது. எலெக்ட்ரிக்கில் விரயம் குறைவு, அதனால் காற்று, வேகம், டயர் காற்றழுத்தம் எல்லாம் அப்பட்டமாகத் தெரியும். ஆடியில் நாகர்கோவில் போகிறவர்கள் எழுபத்தைந்தில் போங்கள், வித்தியாசத்தை நீங்களே பார்ப்பீர்கள்.

மலை ஏறுமா?

ஏறும், பெட்ரோலைவிட நன்றாகவே ஏறும். ஆளோடு சேர்த்து 1,700 கிலோ எடையுள்ள வண்டியை ஆயிரம் மீட்டர் உயரம் தூக்க வேண்டிய சக்தி நாலரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். மணிமுத்தாற்றிலிருந்து மாஞ்சோலைக்கு ஏறுவது கிட்டத்தட்ட அந்த உயரம். தூரத்துக்கு ஆகிற செலவு தனி. ஏறும்போது சார்ஜ் மடமடவென்று இறங்குவதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள், இறங்கும்போது அதில் பாதிக்கு மேல் திரும்பி வரும். பெட்ரோல் வண்டியில் ஏறச் செலவழித்தது போனது போனதுதான், இறக்கத்தில் அது பிரேக் கட்டையைச் சூடாக்கும்.

ஒரு எச்சரிக்கை. மேலே தங்கி, பேட்டரியை நூறுக்கு நிரப்பிக்கொண்டு இறங்காதீர்கள். நிறைந்த குடத்தில் எப்படித் தண்ணீர் ஊற்றுவது? மோட்டார் பிரேக் பிடிக்காது, கால் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கும்படி ஆகும். எண்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பிக்கப் எப்படி?

இதில் போட்டியே கிடையாது. மோட்டாருக்கு முழு இழுவிசையும் முதல் சுற்றிலேயே வந்துவிடும், கியர் மாற்றுகிற இடைவெளியும் இல்லை. தென்காசிச் சாலையில் செங்கோட்டை வழியாகக் கேரளம் போகிற லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால், முந்துவதற்குக் கிடைக்கிற அந்தச் சின்ன இடைவெளியில் இதன் அருமை தெரியும். நாலு வழிச் சாலையில் நூறுக்கு மேல் நீண்ட நேரம் ஓட்டுவதற்கு நல்ல பெட்ரோல் வண்டி இன்னும் சுகம். சின்ன எலெக்ட்ரிக் கார்கள் அந்த வேகத்தில் மூச்சு வாங்கும், சார்ஜும் கரையும்.

சத்தம் இல்லாதது உள்ளே இருப்பவருக்குச் சுகம், வெளியே இருப்பவருக்கு ஆபத்து. ஆட்டு மந்தை விலகாது, வாசலில் கோலம் போடுகிற அம்மா திரும்பிப் பார்க்க மாட்டார். தெருவுக்குள் நடக்கிற வேகத்தில்தான் போக வேண்டும். சாரல் காலத்தில் குற்றாலம் போகும்போது ஈரத் தார்ச்சாலையில் ஆக்ஸிலரேட்டரை மெதுவாக மிதியுங்கள், சக்கரம் வழுக்கும்.

நம்ம ஊர் வெயிலுக்கு பேட்டரி தாங்குமா?

குளிர் நாட்டுக்காரர்கள் குளிருக்குப் பயப்படுகிறார்கள், நாம் பயப்பட வேண்டியது வெயிலுக்குத்தான். 2010 டிசம்பரில் விற்பனைக்கு வந்த நிஸான் லீஃப் காரில் பேட்டரியைக் குளிர்விக்கத் தனி ஏற்பாடு இல்லை. அமெரிக்காவில் அரிசோனா பாலைவன வெயிலில் ஓடிய அந்தக் கார்கள் ஒன்றிரண்டு வருடத்திலேயே கொள்ளளவை இழந்து, 2012-ல் அது பெரிய புகாரானது. அக்னி நட்சத்திரத்தில் நாற்பது டிகிரி பார்க்கிற நமக்கு அது பாடம். குளிர்நீர் ஓடிப் பேட்டரியைக் குளிர்விக்கிற வண்டியாகப் பார்த்து வாங்குங்கள். ஷோரூமில் கலரைக் கேட்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்.

பேட்டரி நூறில் நிறைந்து, வெயிலில் நாள் கணக்கில் நிற்பது அதற்கு ஆகாது. ஊருக்குப் போகிறீர்களா, ஐம்பது அறுபதில் வைத்துவிட்டு வேப்ப மரத்தடியில் நிறுத்திவிட்டுப் போங்கள். வேகச் சார்ஜர் போட்டு முடித்த சூட்டோடு அடுத்த வேகச் சார்ஜர் வேண்டாம்.

வெயிலுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. திருச்செந்தூரில் தரிசனத்துக்குப் போனவர்கள் வரும் வரை இரண்டு மணி நேரம் ஏ.சி. போட்டுப் பெரியவர்களை உள்ளே உட்கார வைத்திருக்கிறேன். இரண்டு யூனிட்கூட ஆகவில்லை, புகையும் இல்லை. பெட்ரோல் வண்டியில் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

எட்டு வருஷத்துக்கு அப்புறம் பேட்டரியைத் தூக்கிப் போடணுமா?

வேண்டாம். பல கம்பெனிகள் எட்டு வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் கொடுக்கின்றன. அது முடிகிற அன்று பேட்டரி செத்துப்போகாது. உலகம் முழுக்க ஓடுகிற கார்களைப் பார்த்ததில் சராசரியாக வருடத்துக்கு இரண்டு சதவீத அளவில் கொள்ளளவு குறைகிறது, வெப்ப ஊர்களில் அதைவிடக் கொஞ்சம் கூட. பத்து வருடத்தில் 200 ஓடியது 150, 160 ஓடும் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உத்தரவாதம் முடிந்தபின் முழுப் பேட்டரியும் மாற்ற நேர்ந்தால் செலவு லட்சங்களில்தான். இதை மறைத்து விற்பவரிடம் வாங்காதீர்கள்.

எது அடிக்கடி மக்கர் பண்ணும்?

எதை மக்கர் என்கிறீர்கள் என்பதில் இருக்கிறது. அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் 2023-ல் வாசகர்களிடம் கேட்டபோது, எலெக்ட்ரிக் கார்களில் பெட்ரோல் கார்களைவிட 79 சதவீதம் அதிகமாகக் கோளாறு சொன்னார்கள். அடுத்த வருடம் அது 42 ஆக இறங்கியது. ஜெர்மனியின் ஏ.டி.ஏ.சி. என்கிற வாகன ஓட்டிகள் சங்கம் நடுவழியில் நின்றுபோன வண்டிகளைக் கணக்கெடுக்கிறது. இரண்டு முதல் நாலு வயதுள்ள கார்களில், ஆயிரத்துக்குப் பெட்ரோல், டீசல் வண்டிகள் 10.4 முறை நின்றன, எலெக்ட்ரிக் 4.2 முறை.

இரண்டும் உண்மை. முதல் கணக்கில் திரை உறைவது, கதவுப்பூட்டு செயலி வேலை செய்யாதது, சார்ஜர் ஒத்துக்கொள்ளாதது எல்லாம் சேரும். இரண்டாவது, வண்டி ரோட்டில் படுத்துக்கொண்டதா என்பது மட்டும். என் அனுபவமும் இதுதான். மோட்டாரில் ஒரு நாளும் கைவைத்ததில்லை. எஞ்சின் ஆயில், ப்ளக், கிளட்ச், டைமிங் பெல்ட் எதுவும் கிடையாது. மென்பொருளுக்காக மூன்று தடவை சர்வீஸ் சென்டர் போயிருக்கிறேன். டயர் சீக்கிரம் தேய்கிறது, வண்டி கனம், இழுவையும் அதிகம். பிரேக் கட்டை மட்டும் தேயவே மாட்டேன் என்கிறது.

ஒரு தடவை நின்றுபோனேன். ஆவணித் திருவிழா, திருச்செந்தூர். பெரிய பேட்டரியில் எழுபது சதவீதம் இருக்கிறது, கதவுகூடத் திறக்கவில்லை. கடைசியில் பார்த்தால் எல்லாக் காரிலும் இருக்கிற அந்த 12 வோல்ட் சின்ன பேட்டரி செத்திருந்தது. அது உசுரோடு இருந்தால்தான் கம்ப்யூட்டர் எழுந்து பெரிய பேட்டரியை இணைக்கும். பக்கத்தில் நின்ற பெட்ரோல் காரிலிருந்து ஒயர் கொடுத்து எழுப்பினோம். ஜெர்மன் கணக்கிலும் எலெக்ட்ரிக் கார் நிற்பதற்கு முதல் காரணம் இந்தச் சின்ன பேட்டரிதான். மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள், நிற்கும் வரை காத்திருக்க வேண்டாம்.

நம்ம மெக்கானிக் பார்ப்பாரா?

பார்க்க மாட்டார், பார்க்கவும் விடாதீர்கள். முன்னூறு வோல்ட்டுக்கு மேல் ஓடுகிற ஆரஞ்சு நிற ஒயர்கள் உள்ளே இருக்கின்றன. பயிற்சி இல்லாதவர் கை வைத்தால் உயிருக்கே ஆபத்து. இங்கேதான் பெட்ரோல் கார் தெளிவாக ஜெயிக்கிறது. நாங்குநேரியில் நின்றாலும் சங்கரன்கோவிலில் நின்றாலும் அரை மணியில் ஒருவர் ஸ்பேனரோடு வந்துவிடுவார், உதிரி பாகம் ஜங்ஷன் கடையில் கிடைக்கும். எலெக்ட்ரிக்குக்குக் கம்பெனி ஆள்தான் வரவேண்டும், சில பாகங்களுக்கு வாரக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டியிருக்கும். நம் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் பையன்கள் இதைப் படித்து வெளியே வரும் வரை இந்தக் குறை தீராது. இழுத்துச் செல்ல நேர்ந்தால் நாலு சக்கரமும் மேலே இருக்கிற மாதிரி லாரியில் ஏற்றுங்கள். கயிறு கட்டி இழுத்தால் மோட்டார் சுற்றிக் கரண்ட் உண்டாக்கும், உள்ளே சேதமாகும்.

வெள்ளம் வந்தா?

2023 டிசம்பர் 17, 18-ஐ யார் மறப்பார்கள்? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுக்குள் வந்தது.

பெட்ரோல் எஞ்சின் மூச்சு விடுகிற இயந்திரம். காற்று இழுக்கிற குழாய்க்குள் தண்ணீர் போனால் எஞ்சினுக்குள் பிஸ்டனைத் தாங்குகிற இரும்புத் தண்டு வளைந்துவிடும். தண்ணீரில் நின்றுபோன வண்டியைத் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் பண்ணிக் கொல்வதுதான் அதிகம். எலெக்ட்ரிக்குக்கு மூச்சு இல்லை. பேட்டரிப் பெட்டி பெரும்பாலும் ஐ.பி. 67 தரத்தில் அடைக்கப்பட்டிருக்கும், அதாவது ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும். அரை மணி என்பதைக் கவனியுங்கள். ராத்திரி முழுக்க மூழ்கிக் கிடந்த வண்டிக்கு இது பொருந்தாது. அதை ஆன் பண்ணாமல், சார்ஜ் போடாமல், வீட்டிலிருந்து தள்ளி வெட்டவெளியில் நிறுத்திவிட்டு கம்பெனிக்குச் சொல்லுங்கள். கடலோரத்துக்காரர்கள் இன்னும் கவனம். 2022-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இயன் புயலின்போது உப்புத் தண்ணீர் புகுந்த எலெக்ட்ரிக் கார்கள், தண்ணீர் வடிந்த பிறகு தீப்பிடித்தன.

தீப்பிடிக்குமே?

பயம் நியாயமானது. 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த எலெக்ட்ரிக் பைக் எரிந்து தகப்பனும் மகளும் இறந்தார்கள். அது ஸ்கூட்டர் பேட்டரிகளுக்குச் சோதனை விதிகள் இறுகாத காலம். பெட்ரோலும் எரிகிற பொருள்தான், பெட்ரோல் கார்களும் சாலையில் எரிகின்றன. வித்தியாசம் என்னவென்றால் லித்தியம் தீ சீக்கிரம் அணையாது, அணைந்த மாதிரி இருந்து திரும்ப எரியும். லித்தியம் பேட்டரியில் எல்.எஃப்.பி. (இரும்பு, பாஸ்பேட் கலந்தது) வகை, என்.எம்.சி. (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்தது) வகையைவிட வெப்பத்துக்கு நிதானமானது. நம் ஊருக்கு நான் எல்.எஃப்.பி.யைத்தான் சொல்வேன்.

வீட்டில் சார்ஜ் போட என்ன வேண்டும்?

மீட்டரிலிருந்து தனி ஒயர், தனி எம்.சி.பி., 15 ஆம்பியர் நல்ல ப்ளக், உருப்படியான எர்த். இதில் மூன்று கிலோவாட் அளவில் ஏறும், முப்பது யூனிட்டுக்குப் பத்து மணி நேரம். ராத்திரி போட்டால் காலையில் தயார். ஏ.சி. ஓடுகிற ப்ளக்கிலிருந்து நீட்டிப்பு ஒயர் இழுத்துப் போடுவது வீட்டுக்கே ஆபத்து.

பழைய வீடுகளில் எர்த் பெயருக்குத்தான் இருக்கும். சரியில்லை என்றால் சார்ஜர் சிவப்பு விளக்கு காட்டி நின்றுவிடும். சித்திரை, வைகாசியில் மண் காய்ந்ததும் இந்தத் தொல்லை வரும். எர்த் குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். 7 கிலோவாட் சார்ஜர் வேண்டுமானால் ஈ.பி.யில் எழுதிக்கொடுத்து லோடு ஏற்றிக்கொள்ளுங்கள்.

சென்னைக்குப் போகலாமா?

620 கிலோமீட்டர். பெட்ரோலில் ஒரு டேங்க்கில் போய்விடலாம். என் முப்பது யூனிட் வண்டியில் நாலு தடவை நிற்க வேண்டும், தடவைக்கு ஒரு மணி நேரம். ஒரு தடவை ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு சார்ஜரில் போய் நின்றேன். செயலியில் வேலை செய்கிறது என்று காட்டியது, நேரில் திரை இருட்டாக இருந்தது. பேட்டரியில் 14 சதவீதம். ஏ.சி.யை அணைத்து, நாற்பதில் ஊர்ந்து, அடுத்த சார்ஜருக்குப் போய்ச் சேர்ந்தபோது 3. பின்சீட்டில் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் இருந்தது. அன்றிலிருந்து சென்னை சவாரிக்குப் பெட்ரோல் வண்டியைத்தான் எடுக்கிறேன். நாற்பத்தைந்து யூனிட்டுக்கு மேல் பேட்டரி இருந்தால் யோசிக்கலாம். அப்போதும் முப்பது சதவீதத்தில் முதல் சார்ஜர், அது கெட்டிருந்தால் அடுத்தது என்று இரண்டு இடம் மனதில் இருக்க வேண்டும்.

ஹைபிரிட்?

பெட்ரோல் எஞ்சினும் மோட்டாரும் சேர்ந்து ஓட்டுகிற வகை. நல்ல வண்டி. மேலே சொன்ன அமெரிக்கக் கணக்கில் 2023-ல் பெட்ரோல் காரைவிட 26 சதவீதம் குறைவான கோளாறு. சார்ஜ் போட இடமில்லாமல் ஊருக்குள்ளேயே அதிகம் ஓட்டுபவருக்குப் பொருந்தும்.

இதெல்லாம் நிலைக்குமா, வந்த வேகத்தில் போயிடுமா?

இந்தச் சீமைக்கு எரிபொருள் மாற்றம் புதிதில்லை. மதுரையில் பஸ் விட்டுப் பேர் வாங்கிய டி.வி. சுந்தரம் அய்யங்கார் நம் திருக்குறுங்குடிக்காரர். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காமல் போனபோது, கரியை எரித்து வாயு உண்டாக்கும் சாதனத்தை அவர் கம்பெனி தயாரித்து பஸ்களை ஓட்டியது. போர் முடிந்து பெட்ரோல் வந்ததும் அது போய்விட்டது, ஏனென்றால் அது பஞ்ச காலத்து ஏற்பாடு, பெட்ரோலைவிட மட்டம். இப்போது வந்திருக்கிற மோட்டார் பெட்ரோல் எஞ்சினைவிட மேலான இயந்திரம், அதனால் இது போகாது என்று நம்புகிறேன். 2025 ஆகஸ்ட் 4-ல் தூத்துக்குடி சிப்காட்டில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் தொழிற்சாலை திறந்தது. நம் பிள்ளைகள் ஒரு மணி நேர பஸ் பயணத்தில் எலெக்ட்ரிக் கார் செய்கிற வேலைக்குப் போய்வருகிறார்கள் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம்.

பழைய எலெக்ட்ரிக் கார் வாங்கலாமா?

வாங்கலாம், விலை நன்றாக இறங்கியிருக்கும். பெட்ரோல் காரில் எஞ்சின் சத்தத்தைக் கேட்டு வாங்குகிற பழக்கம் இங்கே உதவாது. சர்வீஸ் சென்டரில் பேட்டரியின் ஆரோக்கியச் சதவீதத்தை எழுத்தில் வாங்குங்கள். உத்தரவாதம் உங்கள் பேருக்கு மாறுமா, வாடகைக்கு ஓடிய வண்டி என்றால் அது செல்லுமா என்று கேளுங்கள். நூறு சார்ஜிலிருந்து இருபது வரை நீங்களே ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள், திரையில் காட்டுகிற ரேஞ்சை நம்ப வேண்டாம். சார்ஜர் ஒயர் கூட வருகிறதா என்று பாருங்கள், தனியாக வாங்கினால் ஆயிரக்கணக்கில் ஆகும். கடைசியாக லிஃப்ட்டில் ஏற்றி அடியில் பாருங்கள். நம் தெரு வேகத்தடைகள் சில முழங்கால் உயரம். பேட்டரிப் பெட்டியின் அடித்தகட்டில் ஆழமான நசுங்கல் இருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.